பொழுதுபோக்கு என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

கேள்வி: குஜராத்தின் கட்ச் அரச குடும்பத்து ஹிம்மத்சிங்ஜி ஒரு தவணை எம்.பி.யாக இருந்துவிட்டு, மீதிக் காலத்தைப் பறவை பார்க்கும் பொழுதுபோக்கில் கழித்தாராமே? ராஜ்யம் போன வருத்தமா? (ஒரு வாசகர், காரைக்குடி)

பதில்: பறவைகள் அந்த வீட்டுக்குள் வந்தது ராஜ்யம் போவதற்கு முன்பே. கட்ச் பறவைகளைப் பற்றி முறையான நூல் வேண்டும் என்று பறவையியலாளர் சாலிம் அலியை அழைத்தவரே ஹிம்மத்சிங்ஜியின் தந்தை மகாராவ் விஜயராஜிதான். நூல் 1945-ல் வந்தது. பையன் பிறந்தது 1928-ல்; நூல் வந்தபோது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது 1947-ல், ஆட்சி கைமாறியது 1948-ல். ராஜாஜியின் சுதந்திராக் கட்சி சார்பில் கட்ச் தொகுதியில் அவர் ஜெயித்தது 1962-ல். இந்த வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், வருத்தத்துக்கு இடம் கிடைக்கிறதா என்று.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்துவது ‘பொழுதுபோக்கு’ என்ற சொல். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழுக்கு ஒரு பறவைக் குறிப்பு எழுதிப் பாருங்கள், தெரியும். எந்த ஊர், எந்தத் தேதி, எத்தனை, எந்த நிலத்தில், என்ன செய்துகொண்டிருந்தது, எந்த அடையாளத்தை வைத்து இன்ன பறவை என்று சொல்கிறீர்கள் என அத்தனையும் வேண்டும். தேதி இல்லாவிட்டால் அது வலசை வந்ததா, கூடு கட்ட வந்ததா என்று தெரியாது. குறிப்பே வீண். அந்த இதழில் பல பத்தாண்டுகள் எழுதியவர் ஹிம்மத்சிங்ஜி.

அவர் ஊர்ப் பறவையையே எடுத்துக்கொள்வோம். கட்சின் உப்புவெளியான பெரிய ரண்ணில், பச்சம் தீவுக்கு வடக்கே பூநாரைகள் கூட்டமாக முட்டையிடும் திட்டு ஒன்று இருக்கிறது. கட்ச் மக்கள் அதை ஹஞ்ச் பேட் என்பார்கள், பூநாரைத் தீவு. 1945-ல் அங்கே போன சாலிம் அலி, சுமார் 5 லட்சம் பூநாரைகள் என்று கணக்கிட்டார்.

பூநாரை அலகால் சேற்றை இழுத்து இழுத்து ஒரு மேடு எழுப்பும். உயரம் ஒரு சாண் முதல் ஒரு அடி வரை, உச்சியில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம், அதில் ஒரே ஒரு முட்டை. தரையின் கொதிப்பும், ஏறிவரும் தண்ணீரும் முட்டையைத் தொடக்கூடாது என்பதற்குத்தான் அந்த மேடு. ஏறக்குறைய ஒரு மாதம் தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு நேரான அலகோடு பிறக்கும். வளைவு பிறகுதான் வரும். அதுவரை தாய் தகப்பன் இரண்டின் தொண்டையிலும் சுரக்கும் சிவப்புப் பால்தான் சாப்பாடு.

எல்லாம் தண்ணீர்க் கணக்கு. மழை பொய்த்தால் பறவை கூடு கட்டவே வராது. அதிகமாகப் பெய்தால் மேடு கரைந்து முட்டை மிதக்கும். சீக்கிரம் வற்றினால் நரி நடந்தே வந்துவிடும். அந்த நேரத்தில் ஆர்வத்தில் நாலு பேர் கிட்டே போனாலும் கூட்டம் எழுந்துவிடும், வெயிலில் முட்டை வெந்துபோகும். கூடு எண்ணப் போகிறவன் எந்த மாதம் போவது, எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

இதே ரண்ணின் பெயரில்தான் 1965 ஏப்ரலில் துப்பாக்கி வெடித்தது. ஹிம்மத்சிங்ஜி கட்சின் எம்.பி.யாக இருந்த காலம் அது. ரண் என்பது நிலம் அல்ல, கடல்போல ஒரு நீர்ப்பரப்பு. ஆகவே எல்லை அதன் நடுவே போக வேண்டும் என்பது பாகிஸ்தான் வாதம். மழைக்காலத்தில் நீர், கோடையில் உப்புப் பாளம் என்பது கட்ச்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். 1968 பிப்ரவரியில் இந்தத் தகராறை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம், கேட்டதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கைப் பாகிஸ்தானுக்குக் கொடுத்தது. பூநாரைக்கு எங்கே எவ்வளவு ஆழம் என்று அறிந்தவர்களின் அறிவு தேசத்துக்கே தேவைப்பட்ட இடம் அது. அதைப் போய்ப் பொழுதுபோக்கு என்கிறீர்களே.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இந்தப் பக்கத்தில் எத்தனையாவது தடவையோ தெரியாது. கோடியக்கரையிலோ பழவேற்காட்டிலோ பூநாரை இறங்கினால் ‘ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விருந்தாளி’ என்று படத்துக்குக் கீழே போடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டுப் பூநாரையே கிடையாது. நம் கட்சில் முட்டையிடும் பறவைக்கு எதற்கு வெளிநாட்டு முகவரி? படம் எடுத்த இடத்தையும் தேதியையும் போடுங்கள், போதும்.