டர்போ மாட்டிய பழைய எம்.ஜி.பி: 22 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்குத் தேவகோட்டை. பள்ளத்தூரில் நண்பர் வீட்டில் 1969-ஆம் வருட எம்.ஜி.பி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. அவருடைய அப்பச்சி (அப்பா) வாங்கி, அந்த வருடமே பதிவு செய்த வண்டி. அப்பச்சி தவறி நான்கு வருடமாகிறது. ஆர்.சி. இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, புதுப்பிக்கவும் இல்லை. நண்பர் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து எஞ்சினுக்கு டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளி சக்தியைக் கூட்டும் கருவி) மாட்டியிருக்கிறார். "டர்போவுக்கே ஆறு லட்சம் ஆச்சு" என்று சொல்லி 22 லட்சம் கேட்கிறார். முன்பணமாக ஒரு லட்சம் வங்கி வழியாக அனுப்பிவிட்டேன். கானாடுகாத்தானில் அண்ணன் நடத்தும் விடுதிக்கு வருபவர்களைக் கட்டணம் வாங்கி இந்த வண்டியில் சுற்றிக்காட்டலாம் என்று யோசனை. விலை சரிதானா?

பதில்: விலை சரியில்லை. நண்பர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. செலவழித்த ஆறு லட்சமும் வண்டியின் மதிப்பில் சேர்ந்துவிட்டதாக அவர் மனதார நம்புகிறார். சட்டப்படி பார்த்தால் அந்த டர்போ மதிப்பைக் குறைத்திருக்கிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதைக் கறாராகவே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டர்போ, சட்டம் சொல்லும் 'அடிப்படை அம்சத்தை' மாற்றவில்லை என்று வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நம்பி 22 லட்சத்தை இறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. 2021-இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த கார்கள் அதில் வரும். பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், பதிவு பத்து வருடம் செல்லும். வயதுப்படி இந்த எம்.ஜி.பி தாராளமாகத் தேறும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸி, பாடி, எஞ்சின் எதிலும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. எஞ்சினில் டர்போ இருக்கும்வரை அந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது. சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போனாலும் ஆய்வாளர் பானெட்டைத் திறந்து பார்ப்பார்.

ஆகவே கேட்க வேண்டியது, டர்போவைக் கழற்றினால் வண்டி பழையபடி ஆகுமா என்பதுதான். பழைய பிரிட்டிஷ் கார்கள் பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். எஞ்சின் பிளாக்கின் வலப்பக்கம் ஒரு சின்னத் தகடு ரிவெட் அடித்திருக்கும். அதில் 18ஜி என்று தொடங்கும் எண் ஆர்.சி.யில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா பாருங்கள். தகடே இல்லையென்றால் பிளாக் மாறியிருக்கலாம். அப்புறம் டர்போவிலிருந்து ஆயில் திரும்பி இறங்கும் குழாய் எங்கே போய்ச் சேருகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சம்பில் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஓட்டை போட்டிருந்தால் வேறு சம்ப் மாட்டிக்கொள்ளலாம். பிளாக்கிலேயே துளைத்திருந்தால் சரிசெய்வது கஷ்டம். அசல் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் எரிகலவை அழுத்தப்படும் விகிதம்) 8.8-க்கு 1; டர்போ அழுத்தத்துக்கு அது அதிகம் என்று பிஸ்டனையும் மாற்றினார்களா என்று ஒர்க்‌ஷாப் பில்லில் தேடுங்கள். கழற்றிய இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பவை) அவற்றை எஞ்சினோடு இணைக்கும் மேனிஃபோல்டும் அந்த வீட்டுச் சாமான் அறையில் எங்காவது இருந்தால், உங்களுக்கு டர்போவை விட அவைதான் விலைமதிப்பு உள்ளவை.

இதையெல்லாம் பார்த்துவிட்டு விலையை இப்படிப் போடுங்கள்: காகிதம் சுத்தமாக உள்ள, மாற்றம் செய்யாத எம்.ஜி.பி என்ன விலைக்குப் போகிறதோ அதிலிருந்து, அசலுக்குத் திருப்பும் செலவையும் காகிதத்தைச் சரிசெய்யும் செலவையும் கழியுங்கள். ஆறு லட்சத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மதிப்பைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று பின்னால் வழக்குப் போட முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 20-வது பிரிவு, பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கருத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யும் 'தவறு' ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. நண்பர் வியாபாரி இல்லை என்பதால் நுகர்வோர் ஆணையமும் உதவாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும்.

அடுத்தது, விற்கிறவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா? உங்கள் பக்கத்தில் நான் அடிக்கடி பார்க்கும் சிக்கல் இது. சாவி மூத்தவர் கையில் இருக்கும், வண்டி எல்லோருக்கும் சொந்தமாக இருக்கும். அப்பச்சி சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் போயிருந்தால், அவர் மனைவியான ஆச்சிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. அப்பச்சியின் அம்மாவான அப்பத்தா இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. "தங்கச்சிக்குத்தான் கல்யாணத்தில் சீர் செய்தாச்சே" என்பார்கள். அதனால் அவருடைய பங்கு போய்விடாது. அவர் சிங்கப்பூரில் இருந்தாலும் கையெழுத்து வேண்டும். வண்டி அப்பச்சி பெயரில் இருப்பது தெரிந்தே வாங்குகிறீர்கள், ஆகவே பிறகு தெரியாமல் வாங்கினேன் என்று சொல்ல வழியில்லை. வாரிசுச் சான்றிதழ், மற்றவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இரண்டையும் கேளுங்கள். முதலில் படிவம் 31-இல் நண்பர் பெயருக்கு மாறி, பிறகு படிவம் 29, 30 வழியாக உங்களுக்கு வர வேண்டும்.

விடுதித் திட்டத்தை விட்டுவிடுங்கள். பழம்பெரும் வாகனப் பதிவு சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். சாதாரணப் பதிவில் வைத்தாலும் பர்மிட் இல்லாமல் கட்டணம் வாங்கி ஆள் ஏற்றக் கூடாது. வழியில் விபத்து நடந்தால், வாடகைக்கு ஓட்டியது, சொல்லாமல் டர்போ மாட்டியது என இன்ஷூரன்ஸ் கம்பெனி கையில் இரண்டு காரணம் கிடைக்கும். வருமானத்தை எண்ணி விலையை உயர்த்தியிருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள்.

ஒரு லட்சம் வங்கி வழியாகப் போனது நல்லது. மேற்கொண்டு ஒரு ரூபாய் கொடுக்கும் முன் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதுங்கள். எஞ்சின் எண், என்னென்ன மாற்றப்பட்டது, கழற்றிய பாகங்கள் எவை கூட வரும், எல்லாம் அதில் இருக்கட்டும். வாரிசுகள் கையெழுத்தும் பெயர் மாற்றமும் 90 நாளில் முடியாவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்ற வரியையும் சேருங்கள். கேள்விகளை வாட்ஸ்அப்பிலாவது எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்பவர் சும்மா இருந்ததை மட்டும் வைத்துப் பொதுவாக மோசடி என்று சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் எழுதினால் சொல்லலாம். இந்த வரிகளுக்கு நண்பர் சம்மதிக்கவில்லை என்றால் முன்பணத்தை இப்போதே எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், பணம் போன வங்கி அறிக்கையோடு வாருங்கள், நோட்டீஸ் அனுப்பலாம்.