அப்பாவின் குரலைப் படத்தில் எங்கே வைப்பது?

தம்பி, மறைந்த உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எடுத்திருக்கும் 22 நிமிடப் படத்தில், அவருடைய வாட்ஸ்அப் குரல்பதிவைக் கடைசிக் காட்சிக்கு வைத்திருக்காதீர்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் கொண்டுவாருங்கள்.

22 நிமிடமும் அழுகையாக இருந்தும் யாருக்கும் ஒட்டவில்லை என்கிறீர்கள். பார்ப்பவர்கள் உங்கள் அப்பாவை இன்னும் சந்திக்கவே இல்லை, அதுதான் காரணமாக இருக்கும். "சாப்ட்டியால? வரும்போது காராச்சேவு வாங்கிட்டு வா" என்று அவர் சொல்வதை முதலில் கேட்டுவிட்டால், அப்புறம் தாமிரபரணிக் கரையில் குறுக்குத்துறைப் படித்துறையில் அவர் துண்டு காய்வதே போதும். நீங்கள் பேச வேண்டியதில்லை.

உங்கள் பின்னணிக் குரலை மியூட் செய்து, அப்பாவைத் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். படம் எப்படி என்று கேட்காதீர்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். ஒன்றாவது சரியாகச் சொன்னால் உங்கள் பின்னணிக் குரலை எடுத்துவிடலாம்.

பதிவு இரைகிறது என்றீர்களே, வாட்ஸ்அப் அதை ஓபஸ் என்ற ஒலி வடிவில் அளவைச் சுருக்கித்தான் வைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஒலிக்கோப்பாக மாற்றி எடிட்டில் போடுங்கள். இரைச்சல் நீக்கியை லேசாக வையுங்கள். கூடினால் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல ஆகிவிடும், அது அப்பா குரலாகவே இருக்காது. விடியற்காலையில் போய்த் தாமிரபரணித் தண்ணீர்ச் சத்தத்தை இரண்டு நிமிடம் தனியாகப் பதிந்து, அப்பா குரலுக்கு அடியில் ஓடவிடுங்கள். மிச்ச இரைச்சல் அதில் கரைந்துவிடும். மூலப் பதிவை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள், இன்றைக்கே.

அம்மா ஒப்பாரி வைக்கும் காட்சியை மட்டும் அவசரப்பட்டு வெளியிடாதீர்கள். முதலில் அவர் பார்க்கட்டும். வேண்டாம் என்றால், சத்தத்தைக்கூட வைக்காதீர்கள்.