பாய்காட் என்றொருவர் இருந்தார்

கேள்வி: ‘பாய்காட்’ என்னும் ஆங்கிலச் சொல் ஒருவருடைய பெயரிலிருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மைதான். அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களை நிர்வகித்து வந்த சார்லஸ் பாய்காட், 1880-இல் குத்தகையைக் குறைக்கக் கோரிய விவசாயிகளை வெளியேற்ற முற்பட்டபோது, ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. அறுவடைக்கு ஆள் வரவில்லை, கடைக்காரர்கள் பொருள் தர மறுத்தார்கள், தபால்கூட ஒழுங்காக வந்து சேரவில்லை. கடைசியில் அயர்லாந்தின் வடபகுதியான உல்ஸ்டரிலிருந்து வந்த சுமார் 50 தொண்டர்கள் படைக்காவலுடன் அறுவடையை முடித்தார்கள். காவலுக்கான செலவோ விளைச்சலின் மதிப்பைவிடப் பன்மடங்கு! அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பத்திரிகைகள் அவர் பெயரை வினைச்சொல்லாக்கிவிட்டன. தமிழில் ‘புறக்கணிப்பு’ என்கிறோம். ஆயினும், பிடிக்காத பொருளை வாங்காமல் விடுவதற்கெல்லாம் இச்சொல் பொருந்தாது. எதிர்ப்பைக் காட்டும் நோக்குடன் ஒதுக்கினால்தான் அது பாய்காட்.