மீன் வண்டிக்கு முதல் செலவு எஞ்சினுக்கா, அடிப்பகுதிக்கா?

கேள்வி: மண்டபத்திலிருந்து மதுரைக்கு மீன் ஏற்றிச் செல்லும் டீசல் மினி லாரி வைத்திருக்கிறேன். ஒன்பது வயதான வண்டி, 2,40,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பாரம் ஏற்றினால் கரும்புகை வருகிறது, இழுவை குறைந்துவிட்டது, வெயிலில் எஞ்சின் சூடேறுகிறது. எஞ்சினை இறக்கி முழு வேலை பார்க்கச் சொல்கிறார் மெக்கானிக். பார்க்கலாமா, விற்றுவிடலாமா?

பதில்: எஞ்சினை இப்போதே இறக்காதீர்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்தால் நீலப்புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும். நீங்கள் சொல்வது கரும்புகை. டீசல் முழுதாக எரியப் போதிய காற்று இல்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை என்று பொருள். நம் கடற்கரைச் சாலைகளில் மணற்காற்று ஏர் ஃபில்டரைச் சீக்கிரமே அடைத்துவிடும். முதலில் அதை மாற்றுங்கள். அடுத்து டீசலைத் தூவும் இன்ஜெக்டர் நாசில்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்புங்கள். அதன் பிறகும் இழுவை திரும்பாவிட்டால், சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தம் பெறுகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை. அந்த அளவைக் கண்ணால் பார்க்காமல் எஞ்சின் வேலைக்குச் சம்மதிக்க வேண்டாம்.

சூடேறுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். இந்தப் பகுதியின் உப்பான போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். வெளியே கடற்காற்று அதன் தகடுகளை அரிக்கும். விரல் பட்டாலே உதிர்ந்தால் ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். இனி கூலன்ட்டுடன் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். சூட்டைக் குறைக்கிறேன் என்று, எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப்போட யாரையும் விடாதீர்கள். எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் ஓடி, தேய்மானமும் டீசல் செலவும் கூடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது நீங்கள் கேட்காத இடம்: வண்டியின் அடிப்பகுதி. மண்டபம் கடற்கரையில் அடிக்கும் உப்புக்காற்றைவிட, உங்கள் மீன் பெட்டிகளிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் கொடியது. அது பலகை இடுக்கு வழியே நேராக வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் மீதும் பிரேக் குழாய்கள் மீதும் சொட்டுகிறது. எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். பிரேக் குழாய் அரித்து வெடித்தால் பாரத்தோடு போகும் வண்டி வேண்டிய இடத்தில் நிற்காது. வண்டியை ராம்பில் ஏற்றி, அந்த இரும்புக் குழாய்களை முழு நீளமும் துடைத்துப் பாருங்கள். குறிப்பாகக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் ஈரம் தங்கும். துரு செதில் செதிலாக எழும்பியிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதையும் மாற்ற வேண்டும்.

சேசிஸைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று ஒலிக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். எப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) போகும்முன் துருவின் மேலேயே கறுப்புப் பெயின்ட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது துருவை மூடிவைத்து வளர்க்கும் வேலை. எனக்குக் கோபம் வரும் வேலையும் அதுதான். துருவைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, துத்தநாகப் பிரைமர் பூசி, அதன் மேல்தான் கோட்டிங் அடிக்க வேண்டும்.

இனி வடியும் தண்ணீரை ஒரு குழாய் வைத்துச் சேசிஸுக்கு வெளியே விழச் செய்யுங்கள். லோடு இறக்கிய அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் அலசுங்கள். மதுரையிலேயே அலசிவிட்டால் இன்னும் நல்லது, அங்கிருந்து திரும்பும் வழியிலேயே காய்ந்துவிடும். பேட்டரி முனைகளிலும் எர்த் ஒயர் இணைப்பிலும் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து வாசலின் தடவுங்கள்.

விற்பதா என்பதைச் சேசிஸின் நீளச் சட்டங்களே முடிவு செய்யும். அவற்றில் ஸ்க்ரூடிரைவர் இறங்கினால், ஸ்பிரிங் பட்டைகள் பிடித்திருக்கும் இடம் அரித்திருந்தால், ஒட்டு வெல்டிங் போட்டுப் பாரம் ஏற்றாதீர்கள். வாங்குபவரிடம் குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள். சட்டம் உறுதியாக இருந்தால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கம்ப்ரஷன் குறைவாகவே வந்தாலும் எஞ்சின் வேலைக்குச் செலவிடுவது தகும்.