கழுத்தைத் தேய்க்காதீர்கள், சர்க்கரையைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. ஒரு வருடமாகக் கறுத்துக்கொண்டே போகிறாள். போனில் ஒரு ஆப் போட்டு வாராவாரம் அவள் தோல் நிறத்தை அளக்கிறேன், எண் ஏறிக்கொண்டே இருக்கிறது, 5ஆம் வகைத் தோல் என்றும் காட்டுகிறது. கன்னத்தில் வெளிறிய திட்டுகள், முட்டி கருப்பு, கழுத்துக்குப் பின்னால் எவ்வளவு தேய்த்தாலும் போகாத அழுக்கு. ஆன்லைனில் வாங்கிய வெள்ளையாக்கும் கிரீம் பூசி வருகிறோம். வெண்புள்ளி நோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, செந்தூல்

பதில்: முதலில் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள் அம்மா. அது அழுக்கு இல்லை.

போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கழுத்தின் பின்பக்கம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் கருத்து, கொஞ்சம் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிக்கன்ஸ் என்று பெயர். குழந்தைகளிடம் பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருப்பது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின்தான். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் அதை இன்னும் அதிகமாகச் சுரக்கிறது, அந்த மிகுதி தோல் செல்களை வளரத் தூண்டுகிறது, தோல் தடித்துச் சின்னச் சின்ன மடிப்பாகி இருண்டு தெரிகிறது. நிறமி கூடியதைவிடத் தோல் தடித்ததுதான் இங்கே விஷயம், அதனால் நிறத்தை எத்தனை முறை அளந்தாலும் இது பிடிபடாது. விரலால் தடவிப் பாருங்கள். அக்குளையும் பாருங்கள்.

மகளின் எடையைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் எழுதவில்லை, வீட்டில் யாருக்காவது இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், உண்டா என்றும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது அந்த இரண்டும்தான். கழுத்து கருத்த எல்லாப் பிள்ளைக்கும் இனிப்பு நீர் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பலருக்குச் சர்க்கரை அளவு இன்னும் சரியாகவே இருக்கும். ஆனால் உடம்பு அந்தப் பக்கம் திரும்ப ஆரம்பித்திருக்கலாம், இப்போது பிடித்தால் திருப்பிவிட முடியும். இந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்) அழைத்துப் போங்கள். உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொழுப்பு, கல்லீரல், இவ்வளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்புச் சுற்றளவை நீங்களே வீட்டில் தையல் டேப்பால் எடுக்கலாம். உயரத்தில் பாதியைத் தாண்டினால் கவனிக்க வேண்டிய விஷயம். எடை கூடியிருந்தால் இன்று தொடங்கக்கூடியது ஒன்று உண்டு: மைலோ ஐஸ், சிராப், பாக்கெட் பானம் எல்லாவற்றையும் வீட்டில் எல்லோருமே நிறுத்துங்கள், பிள்ளைக்கு மட்டும் தடை போட்டுவிட்டு அப்பா எதிரில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தால் நடக்காது. எடை குறைந்தால் கழுத்தும் மெல்ல மெல்ல வெளுக்கும்.

அப்புறம் அந்த ஆப். தயவுசெய்து அழித்துவிடுங்கள். போன் கேமரா வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளும், காலையில் ஜன்னல் பக்கம் எடுத்ததும் இரவில் குழல் விளக்கின் கீழ் எடுத்ததும் ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் தரும். தோல் நிறத்தை அளக்கும் நிஜமான கருவி தோலின் மேல் வைக்கப்பட்டு, தன் சொந்த ஒளியைக் குறிப்பிட்ட அலைநீளங்களில் பாய்ச்சி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று கணக்கிடுகிறது. அதையும் வெயில் அதிகம் படாத மேல்கையின் உள்பக்கத்தில் சில முறை வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கும் சில தோல் சிகிச்சைகளைக் கண்காணிக்கவும் அது உதவும், அவ்வளவுதான். '5ஆம் வகை' என்பது நோயின் கட்டம் இல்லை. ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975இல் புற ஊதாக் கதிர் சிகிச்சைக்கு எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று முடிவு செய்யப் போட்ட வகைப்பாட்டிலிருந்து வந்தது அது, நம்மில் பெரும்பாலானோர் அதில் 4, 5, 6 வகைதான். வருடம் முழுக்க வெயில் கொளுத்தும் கோலாலம்பூரில் பள்ளித் திடலில் ஓடுகிற பிள்ளை கறுக்கத்தான் செய்யும்.

கன்னத்துத் திட்டு, ஓரம் மங்கலாக, லேசாகப் பொருக்குத் தட்டியிருந்தால் வெறும் வறட்சி, சாதாரண மாய்ஸ்சரைசர் போதும், வயிற்றுப் பூச்சியும் காரணம் இல்லை. வெண்புள்ளி பால் வெள்ளையாக, ஓரம் தெளிவாக இருக்கும். சந்தேகம் இருந்தால் அதே கிளினிக்கில் காட்டுங்கள். முட்டி கருப்பை விட்டுவிடுங்கள்.

கிரீம் விஷயத்தில்தான் எனக்குக் கோபம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் கலந்த கிரீம்களை நம் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பத் தடை செய்து அறிவிக்கிறது, இருந்தும் அவை ஆன்லைனில் விற்றுக்கொண்டே இருக்கின்றன. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். 10 வயதுப் பிள்ளையின் முகத்தில் இதைப் பூசும் அளவுக்கு அவள் நிறத்தில் என்ன குறை கண்டீர்கள்? கருப்பு நோய் இல்லை. அவள் காது கேட்க யாரும் அதைக் குறையாகப் பேசவும் வேண்டாம், அது பாட்டியாகவே இருந்தாலும் சரி. டப்பாவைக் கையோடு எடுத்துப் போய் எத்தனை நாள் பூசினீர்கள் என்று மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இடையில் அவளுக்கு அடங்காத தாகம் எடுத்தாலோ, இரவில் எழுந்து எழுந்து சிறுநீர் கழித்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே சர்க்கரையைப் பாருங்கள். கூடவே வாந்தியோ மூச்சு வாங்குவதோ இருந்தால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.