கிங்ஸ் கல்லூரி சேப்பல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரியின் தேவாலயமான சேப்பலைச் சீட்டு வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். கல்லில் விரிந்த விசிறி விதானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்துவிட்டது. ஆனால் மாணவர் ஒருவரைக்கூட உள்ளே காணோம். இன்று அது வெறும் காட்சிக்கூடம்தானா? கல்லூரிக்கு அதனால் என்ன பயன்?

– வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் போனது பகலில். சாயங்காலம் போயிருக்க வேண்டும். கல்லூரி நடக்கும் பருவத்தில் பெரும்பாலான நாட்கள் அங்கே மாலை ஆராதனை உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் போகலாம். கொஞ்சம் முன்னதாகவே வரிசையில் நின்றுவிடுங்கள்.

கல்லூரியை நிறுவிய ஆறாம் ஹென்றி பாடகர் குழுவுக்கு 16 சிறுவர்கள் என்று வகுத்தார், இன்றும் 16 பேர்தான். கூடப் பாடும் ஆண்குரல்கள் கல்லூரி மாணவர்களுடையவை. கணக்கோ வரலாறோ படிப்பவர்கள், வகுப்பு முடிந்ததும் ஒத்திகைக்கு வந்துவிட வேண்டும்.

பைபிளின் சங்கீதங்களை, அதாவது துதிப்பாடல்களை, பாடும்போது காது கொடுத்துக் கேளுங்கள். எதிரெதிரே இரண்டு அணிகள், வசனத்துக்கு வசனம் மாறி மாறிப் பாடும். ஒவ்வொரு வசனத்தின் நடுவிலும் ஒரு நிறுத்தம் வரும். கட்டடத்தின் நீளம் 88 மீட்டர், உள்ளுயரம் 24 மீட்டர். கல்லில் பட்ட குரல் அடங்கச் சில நொடிகள் ஆகும். நிறுத்தத்தைக் குறைத்தால் முதல் பாதியின் எதிரொலி அடுத்த பாதியின் சொற்களை விழுங்கிவிடும். சொல்லின் கடைசி 'ஸ்' எல்லார் வாயிலும் ஒரே கணத்தில் விழாவிட்டால் சரசரவென்று சிதறும். பக்கத்தில் நிற்பவரின் மூச்சைக் கவனிக்காமல் அங்கே பாடவே முடியாது. ஒரு கல்லூரிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பல்கலைக்கழகப் பதவிகளுக்குச் சமயத் தகுதி பார்ப்பதை 1871-ஆம் ஆண்டுச் சட்டமே பெரும்பாலும் நீக்கிவிட்டது. இன்று வருகிறவர்கள் விரும்பி வருகிறவர்கள்.

முதல் உலகப் போர் முடிந்த 1918-இல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், சேப்பலின் பொறுப்பாளரான டீன் எரிக் மில்னர்-வைட் ஒன்பது வேதபாடங்களும் கீதங்களும் கொண்ட ஆராதனையை இங்கே தொடங்கினார். முதல் பாடத்தை வாசிப்பது பாடகர் குழுச் சிறுவன், கடைசிப் பாடத்தை வாசிப்பது கல்லூரித் தலைவர்.

அடுத்தமுறை பக்க அறை ஒன்றையும் பாருங்கள். அந்தப் போரில் இறந்த கல்லூரியினரின் பெயர்கள் அங்கே செதுக்கப்பட்டுள்ளன. ஹங்கேரியிலிருந்து வந்து இங்கே படித்த ஃபெரென்ட்ஸ் பேகாஷி, ஊர் திரும்பி எதிர்த்தரப்புப் படையில் சேர்ந்து 1915-இல் மாண்டார். அவர் பெயரும் உண்டு. மற்றவர்களின் வரிசையில் அல்ல, தனியே இன்னொரு சுவரில்.