மகன் பெயரைச் சேர்க்கலாமா, போனில் முகத்தைக் காட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், வயது 72. கணவருக்கு 78. பென்ஷன் என் தனிக் கணக்கில் வருகிறது. போன நவம்பரில், உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு வருஷா வருஷம் கொடுக்கும் ஆயுள் சான்றைக் கொடுக்கப் போனபோது, இனிமேல் காகிதம் வாங்க மாட்டோம், செல்போனில் முகத்தைக் காட்டுங்கள் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். என் போனை வாங்கி அவர்களே ஏதோ ஆப் போட்டார்கள், வந்த ஓடிபியையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கே இன்னொருவர் வந்து, "கணக்கில் இவ்வளவு பணம் சும்மா கிடக்கிறதே" என்று இன்ஷூரன்ஸ் பாலிசி பற்றிப் பேச ஆரம்பித்தார். வாங்கவில்லை, ஆனால் வாரா வாரம் போன் வருகிறது. வீட்டில் மகன், கணக்கில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறான், இல்லாவிட்டால் ஏடிஎம் பின் நம்பரையாவது கொடு என்கிறான். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்று சொன்னால் பென்ஷன் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது அம்மா. ஆயுள் சான்று போய்ச் சேராவிட்டால் மட்டும்தான் பென்ஷன் நிற்கும், அதுவும் சான்றைக் கொடுத்த பிறகு நிலுவையோடு திரும்ப வந்துவிடும். ஆப் வைத்துக்கொள்ளாததற்கோ, பாலிசி வாங்காததற்கோ, பின் நம்பரைச் சொல்லாததற்கோ யாரும் உங்கள் பென்ஷனில் கை வைக்க முடியாது. இதைச் சொல்வதற்கே ஒரு பதில் தேவைப்படுகிறது என்பதுதான் எனக்கு எரிச்சல், ஏனென்றால் கவுண்டரில் இருப்பவர் "இதுதான் ரூல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் நாற்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவர்கள்கூட வாயை மூடிக்கொண்டு போனை நீட்டிவிடுகிறோம்.

மகன் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மனசுக்குக் கஷ்டம் தருவது அதுதான். இதில் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. மத்திய அரசு பென்ஷன் வரவாகும் கணக்கைக் கூட்டுக் கணக்காக வைத்துக்கொள்ளலாம், ஆனால் யாரோடு? பிபிஓவில், அதாவது உங்கள் பென்ஷன் வழங்கும் உத்தரவில், குடும்ப பென்ஷனுக்கு யார் பெயர் இருக்கிறதோ அந்தக் கணவனோடு அல்லது மனைவியோடு மட்டும். பிள்ளைகளோடு இல்லை. பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுத்து இன்னொருவர் அந்தக் கணக்கை நடத்துவதையும் விதி ஒத்துக்கொள்வதில்லை. ஆக "எனக்கு இஷ்டம்தான்டா, ஆனால் ரூல் இடம் கொடுக்கவில்லை" என்று தாராளமாகச் சொல்லுங்கள், பழி விதியின் மேல் போகட்டும்.

மகன் கெட்ட எண்ணத்தில்தான் கேட்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் பணத்துக்கு என்ன செய்வது என்ற பயம் பல பிள்ளைகளுக்கு இருக்கிறது, அது நியாயமான பயம். அதற்கு வழி வேறு. இன்னொரு சாதாரண சேமிப்புக் கணக்கை நீங்களும் மகனும் சேர்ந்து திறங்கள், இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற மாதிரி. பென்ஷன் கணக்கிலிருந்து மாதம் ஒரு தொகை தானாக அதற்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு எழுதிக் கொடுங்கள், பென்ஷன் கணக்கில் அதற்கு அனுமதி உண்டு. ஆஸ்பத்திரிச் செலவுக்கான பணம் அங்கே சேரட்டும். பென்ஷன் எவ்வளவு வருகிறது, அதில் நீங்கள் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதெல்லாம் பழைய கணக்கின் பாஸ்புக்கிலேயே இருக்கும், யாரும் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து "இது எதுக்கு ஐயாயிரம்?" என்று கேட்க வேண்டியதில்லை. பின் நம்பரை மட்டும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள் என்றால் நாளைக்கே மாற்றிவிடுங்கள், காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

பென்ஷன் கணக்கு உங்கள் தனிப் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கணவரோடு கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள். கொஞ்சம் கசப்பான காரணம்தான், ஆனாலும் சொல்கிறேன்: நீங்கள் முந்திக்கொண்டால் அவருக்கு வர வேண்டிய குடும்ப பென்ஷன் அதே கணக்கிலேயே தொடரலாம், புதுக் கணக்கு திறந்துதான் ஆக வேண்டும் என்று வங்கி வற்புறுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. எண்பதை நெருங்கும் ஒருவரை அந்த நேரத்தில் ஃபாரம் நிரப்ப அலைய விடாதீர்கள்.

அடுத்தது ஆப். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் ஆயுள் சான்று 2014 நவம்பரில் வந்தது, முகத்தை வைத்துச் சரிபார்க்கும் வசதி 2021-ல் சேர்ந்தது. நல்ல வசதிதான், நடக்க முடியாதவர்களுக்கு வரப்பிரசாதம், நானே என் அம்மாவுக்கு வீட்டில் உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன். ஆனால் அது வசதி, கட்டாயம் இல்லை. அதற்கு ஆதார் கொடுப்பது விருப்பத்தின் பேரில்தான், வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி வைத்திருக்க வேண்டும் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசே அறிவிக்கை வெளியிட்டது. காகிதச் சான்று இன்றைக்கும் செல்லும். உங்களுக்கு பென்ஷன் தரும் வங்கியின் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம், உங்கள் கிளையே வேண்டும் என்பதில்லை. கொடுத்ததற்கு அவர்கள் கையெழுத்துப் போட்ட ரசீது தர வேண்டும், இதுவும் ரிசர்வ் வங்கி சொன்னதுதான். 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பு எழுதினார்கள், பெரிய விஷயம்தான், ஆனால் பதினொன்றரை மணிக்கு வரிசையில் நிற்கும்போது உங்களைக் காப்பாற்றப் போவது அந்த ரசீது.

"வாங்க மாட்டோம்" என்று மறுபடி சொன்னால் சண்டை போட வேண்டாம். "சரி, வாங்க மாட்டோம் என்பதை எழுதிக் கொடுங்கள்" என்று ஒரு வெள்ளைத் தாளை நீட்டுங்கள். எழுதிக் கொடுத்த ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. உங்களுக்கு 70 தாண்டிவிட்டதால் ஆயுள் சான்றை வீட்டுக்கே வந்து வாங்கிப் போகும்படி கேட்கவும் முடியும், அப்படியொரு சேவை தரும்படி ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கணவரும் பென்ஷன்தாரராக இருந்தால், அவருக்கு 80 ஆனதும் நவம்பர் வரை காத்திருக்க வேண்டாம், அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம்.

போன வருஷம் போட்ட ஆப்பை இப்போது என்ன செய்வது? ஆயுள் சான்றுக்கான ஆப் மட்டும் என்றால் எடுத்துவிடுங்கள், தேவைப்படும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம். கூடவே மொபைல் பேங்கிங்கும் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள், நிறைய இடத்தில் ஒரே மூச்சில் இரண்டையும் போட்டுவிடுகிறார்கள். போட்டிருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், இல்லையென்றால் சேவையையே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அப்புறம் ஜெராக்ஸ். போன வருஷம் ஒரு கடையில் நான் காகிதத்தை வைக்க மெஷின் மூடியைத் தூக்கினால், உள்ளே யாரோ ஒரு பெரியவரின் பிபிஓ கிடக்கிறது: பெயர், பிறந்த தேதி, கணக்கு எண், ஓய்வு பெற்ற நாள், எல்லாம் பளிச்சென்று. மோசடிக்காரனுக்கு வேறென்ன வேண்டும்? போன் போட்டு உங்கள் பிபிஓ நம்பரையும் ஓய்வு பெற்ற தேதியையும் அவனே வாசித்துக் காட்டுவான், நீங்கள் நம்பிவிடுவீர்கள், கடைசியில் ஓடிபி மட்டும் கேட்பான். நகல் கொடுக்கும்போது "ஆயுள் சான்றுக்கு மட்டும்" என்று தேதியோடு குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடையாளத்துக்கு மட்டும் ஆதார் கேட்கும் இடங்களில் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். ஓடிபி கேட்டு வரும் போனை, அவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், வைத்துவிடுங்கள். தப்பித்தவறிப் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஒரு நாளைக் கடத்தினால் பணத்தை மீட்பது கஷ்டம்.

பாலிசிக்காரருக்கு அதிக இடம் தர வேண்டியதில்லை. உங்கள் இருப்பைப் பார்த்துவிட்டு விற்க வந்தார் என்பதே தப்பு. கிளை மேலாளருக்கு நாலு வரி எழுதுங்கள்: என் கணக்கு விவரத்தை வைத்து எனக்கு எதையும் விற்க வேண்டாம், போன் செய்ய வேண்டாம். நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ வங்கிகள் மேலான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம், செலவில்லை. உங்களைப் போலவே மாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்ட தோழி யாராவது இருந்தால் அவரிடம் சொல்லுங்கள், ஆயுள் காப்பீட்டு பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பும்.

இன்னும் ஒன்று. வங்கியின் தாமதத்தால் பென்ஷனோ நிலுவையோ தேதி தாண்டி வந்தால், ஆண்டுக்கு 8 சதவீதக் கணக்கில் நஷ்ட ஈட்டை வங்கியே, நீங்கள் கேட்காமலேயே, கணக்கில் போட வேண்டும். நவம்பர் ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்வது இதற்காகவும்தான், "நீங்கள் சான்று கொடுக்கவில்லை" என்று அவர்கள் ஆரம்பித்தால் எடுத்து நீட்ட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். பாஸ்புக்கின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே செருகி வைத்துவிடுங்கள்.